தேனீயா, எறும்பா, எலுமிச்சை மரத்துப் புழுவா? பூச்சியின் கண்ணறிவைச் சோதிக்க எதை எடுப்பது

போன மாதம் மூன்று வீடுகளிலிருந்து ஏறக்குறைய ஒரே கேள்வி வந்தது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை ஒட்டிய ஃபீனிக்ஸில் ஓர் அம்மா: மகன் கிரேடு 9, பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் தேனீக்கு நிறம் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறான், விடலாமா? அதே டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு தாத்தா: பேத்தி எறும்பு என்கிறாள், அதுதான் வீட்டில் கொட்டிக் கிடக்கிறதே, காசு செலவே இல்லையே, சரிதானே? மூன்றாவது, டர்பன் நகர்நடுவில் ஏழாவது மாடியில் குடியிருக்கும் ஒரு குடும்பம்: எங்களுக்கு மண்ணே கிடையாது, ஜன்னல்தான் இருக்கிறது, நாங்கள் எதை எடுப்பது?

முப்பது வருடம் உயிரியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். பூச்சி பார்த்துக் கற்றுக்கொள்கிறதா, கற்றதை மனதில் வைத்திருக்கிறதா என்று சோதிக்க வந்த பிள்ளைகள் நிறையப் பேர் என் கையில் பட்டிருக்கிறார்கள். ஒரு பெண்ணை மட்டும் மறக்க முடியவில்லை. சமையலறை எறும்புகளுக்கு நீல அட்டையைப் பழக்கினாள். அட்டையின் மேல் சர்க்கரை. ஐந்து நாள் கழித்துச் சர்க்கரை இல்லாமல் வைத்தாலும் எறும்புகள் வரிசை கட்டி நீலத்துக்கே வந்தன, மஞ்சளைச் சீண்டவில்லை. வரைபடம், பட்டியல் எல்லாம் அத்தனை அழகு. நடுவர் வந்தார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடைசி நாள் வைத்தது அதே அட்டையா, புது அட்டையா?" அதே அட்டைதான். வீட்டுக்குப் போய்ப் புதிதாக ஒரு நீல அட்டையை வேறு மூலையில் வைத்துப் பார்த்தாள். எறும்புகள் பழைய அட்டை கிடந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தன. அவை நீலத்தைக் கற்கவே இல்லை. தாங்கள் போட்ட வாசனைத் தடத்தின் மேல் நடந்திருக்கின்றன. அந்தக் கேள்வியை ஒரு மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டியவள் நான்தான்.

அதிலிருந்து, எது கெட்டிக்காரப் பூச்சி என்று நான் பார்ப்பதில்லை. கண்ணால்தான் கற்றது, மோப்பத்தால் இல்லை என்று உங்கள் வீட்டுச் சாமான்களை வைத்தே காட்ட முடியுமா என்றுதான் பார்க்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் மணம், அதைச் சொல்லிவிட்டேன். பழக்கிய அட்டையைச் சோதனையில் வைக்கக் கூடாது. அதே நிறத்தில் புது அட்டை, சர்க்கரை இல்லாமல், இடம் மாற்றி. இந்த மூன்றையும் செய்ய விடாத பூச்சியானால் வேண்டாம்.

அடுத்தது பிறவி விருப்பம். சில பூச்சிகளுக்குக் கற்றுக்கொடுக்காமலே சில நிறம் பிடிக்கும், சிலவற்றுக்கு இருட்டு பிடிக்கும். ஆகவே பாதிப் பூச்சிகளுக்கு நீலத்தில் இனிப்பு வையுங்கள், மீதிப் பாதிக்கு மஞ்சளில். இரண்டு கூட்டமும் தத்தம் நிறத்துக்குப் போனால்தான் அது படிப்பு. எல்லாம் நீலத்துக்கே போனால் அது பிறவிக் குணம்.

மூன்றாவது எண்ணிக்கை. ஒரே தேனீ இருபது தடவை வந்தால் அது இருபது தேனீ ஆகாது, ஒன்றுதான். ஆகவே ஒவ்வொன்றையும் அடையாளம் காண வழி வேண்டும். பத்துப் பூச்சியில் எட்டு சரியாகப் போய்விட்டது என்று பிள்ளைகள் குதிப்பார்கள். காசைச் சுண்டினாலும் பத்துக்கு எட்டோ அதற்கு மேலோ தலை விழ 1024-இல் 56 வாய்ப்பு உண்டு, நூற்றுக்கு ஐந்தரை. ஒன்பதோ பத்தோ என்றால் 1024-இல் 11, நூற்றுக்கு ஒன்றுதான். பத்துப் பூச்சியை வைத்துச் செய்கிறவர்கள் ஒன்பதை எதிர்பார்க்க வேண்டும், இல்லையென்றால் இருபது பூச்சிக்குப் போக வேண்டும்.

மற்றவை நீங்களே யோசிப்பவைதான்: கொட்டுமா, கடிக்குமா, எந்த மாதத்தில் கிடைக்கும், கையில் எத்தனை வாரம் இருக்கிறது. ஒன்றை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பூச்சிகளை என்ன செய்வது?

## தேனீ: பேர் பெரியது, பக்கத்து வீடு கிட்டே

பூச்சிகளில் இதை மிஞ்ச ஆள் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். 1914-இல் கார்ல் வான் ஃபிரிஷ் ஒரு நீல அட்டையை, வெளிர் முதல் அடர் வரை பல சாயல் சாம்பல் அட்டைகளுக்கு நடுவில் வைத்து, நீலத்தில் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கினார். ஏன் சாம்பல்? நிறம் தெரியாத கண்ணுக்கு நீலமும் ஏதோ ஒரு சாயல் சாம்பலாகத்தான் தெரியும், அந்தச் சாம்பலோடு குழம்பிப்போகும். தேனீ குழம்பவில்லை. பிற்பாடு 1973-இல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் அவரும் ஒருவர்.

அவருக்கும் முன்னால், 1910-இலேயே தேனீயின் நிறப்பார்வை பற்றி ஒருவர் சோதித்து எழுதியிருந்தார், சார்லஸ் டர்னர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1907-இல் டாக்டர் பட்டம் வாங்கிய கறுப்பினத்தவர். பட்டம் வாங்கியும் செயின்ட் லூயிஸ் நகரில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த சம்னர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே, ஆய்வுக்கூடம் இல்லாமல், பூங்காவில் அட்டையும் பெட்டியும் வைத்து வேலை செய்தார். நிறவெறிக் காலத்தைக் கண்ட இந்த ஊரில் என் தலைமுறை ஆசிரியர்களுக்கு அது ஒன்றும் புதுக்கதை இல்லை. வீட்டுச் சாமான்களை வைத்துச் சோதனை செய்கிற பிள்ளைக்கு ஃபிரிஷைவிட இவரைத்தான் முதலில் சொல்வேன்.

தேனீயின் மூளையில் ஏறக்குறைய பத்து லட்சம் நரம்பணுக்கள்தான். அதை வைத்துக்கொண்டு 2001-இல் மார்ட்டின் ஜியுர்ஃபா குழுவின் தேனீக்கள் "முன்பு பார்த்தது போலவே", "முன்பு பார்த்தது போல் இல்லாதது" என்ற கருத்தையே கற்றுக்காட்டின. ஒரு புலனில் பழகிய விதியை இன்னொரு புலனுக்கும் பொருத்திக் காட்டின. நம் வேலைக்கு அவ்வளவு வேண்டாம். இரண்டு மூன்று தடவை இனிப்பு கிடைத்தாலே நிறத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அட்டை செய்யும்போது இரண்டு விஷயம். தேனீக்குச் சிவப்பு தெரியாது, அது இருட்டாகத்தான் தெரியும். மாறாக, நமக்குத் தெரியாத புற ஊதா அதற்குத் தெரியும். ஆகவே நமக்கு ஒரே வெள்ளையாகத் தெரியும் இரண்டு தாள்கள் அதற்கு இரண்டு நிறமாக இருக்கலாம். ஒரே கட்டிலிருந்து தாள் எடுங்கள். அப்புறம் அளவு. ஒரு வட்டம் தேனீயின் கண்ணில் ஏறக்குறைய 15 பாகை அகலமாவது விழுந்தால்தான் அதன் நிறம் தெரிகிறது. 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று முடிவெடுக்க வேண்டுமானால் வட்டம் 8 சென்டிமீட்டராவது வேண்டும். பொட்டு அளவுக்கு வெட்டி ஒட்டிவிட்டு "என் தேனீ கற்கவில்லை" என்று வந்த பிள்ளைகள் உண்டு.

இனி மறைந்த செலவு. நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் இருப்பது ஸ்குடெல்லாட்டா என்னும் ஆப்பிரிக்கத் தேனீ. 1956-இல் பிரேசிலுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே தப்பித்துப் பெருகி, அமெரிக்காக் கண்டத்தையே மிரட்டிய தேனீயின் சொந்தக்காரர்கள் இவைதான். பூவில் மேயும்போது சாதுதான், கூட்டுக்குப் பக்கத்தில் கையை வைத்தால் கூட்டமாக வரும். தட்டில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் ஒரு தேனீ போய்ப் பத்தைக் கூட்டிவரும், பத்து நூறாகும். அதோடு தேனீக்கு மணி தெரியும். தினமும் நாலு மணிக்கு வைத்தால் மறுநாள் நீங்கள் வைக்காவிட்டாலும் நாலு மணிக்கு ஆஜராகும். பக்கத்து வீட்டு அக்கா துணி எடுக்க வருவதும் நாலு மணிக்குத்தான். அந்த வீட்டில் கொட்டினால் உடம்பு வீங்கி மூச்சு முட்டும் பிள்ளை இருந்தால்? நம் வீடுகளுக்கு நடுவில் எத்தனை அடி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னும் ஒன்று: சர்க்கரைத் தண்ணீர்தான் வைக்க வேண்டும், தேனை வைக்கக் கூடாது. தேன் வழியாகப் புழு அழுகல் நோய் ஒரு கூட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். பூ நிறைந்த காலத்தில் தட்டை எட்டிக்கூடப் பார்க்காது. தேனீயும் தான் குடித்த இடத்தில் மணம் விட்டுப்போகும், ஆகவே புது அட்டை விதி இங்கேயும் உண்டு.

எப்போது தேனீ சரி? சொந்தத்தில் தேன்பெட்டி வைத்திருக்கும் மாமாவோ சித்தப்பாவோ இருந்து, இடம் டோங்காட் பக்கம் கரும்புக் காட்டோரமாக இருந்து, அவர் கூடவே நின்றால், தாராளமாகச் செய்யட்டும். முதுகில் வண்ணப் பொட்டு வைத்து ஆள் அடையாளம் காண்பதில் தேனீயைப்போல் வசதி வேறு எதிலும் இல்லை. இல்லையென்றால் வேண்டாம்.

பிள்ளைகள் கைபேசியில் காட்டும் பந்து உருட்டும் தேனீயைப் பற்றி ஒரு வார்த்தை. அது 2017-இல் லண்டனில் லார்ஸ் சிட்கா குழு காட்டியது, பம்பிள் தேனீ. சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் அந்த இனம் இயற்கையில் கிடையாது. தேடி அலைய வேண்டாம்.

## எறும்பு: காசு இல்லை, முழங்கால் போகும்

தாத்தா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கொட்டிக் கிடக்கும் எறும்பும் நமக்கு வேண்டிய எறும்பும் வேறு. சமையலறையில் வரிசையாகப் போகும் சிறு எறும்புகள் வாசனைத் தடம் போட்டு நடப்பவை. அவற்றிடம் கண்ணைப் பற்றிக் கேட்பது காது கேளாதவரிடம் பாட்டைப் பற்றிக் கேட்பது மாதிரி. வேண்டியது பெரிய கண்ணோடு, வெயிலில், தனியாளாக இரை தேடித் திரியும் பெரிய எறும்பு.

அந்த வகையைப் பிடித்துவிட்டால் கதை வேறு. 1979-இல் ரூடிகர் வேனரும் ரேபரும் பாலைவன எறும்புகளின் கூட்டுவாசலுக்கு இருபுறமும் இரண்டு உருளைகளை வைத்துப் பழக்கினார்கள். பிறகு வேறு இடத்தில் உருளைகளை இரட்டிப்பு இடைவெளியில் வைத்தபோது எறும்பு நடுவில் வாசலைத் தேடவில்லை, ஏதாவது ஓர் உருளைப் பக்கமாகத் தேடியது. உருளைகளையும் இரட்டிப்புப் பெரிதாக்கியதும் மறுபடி நடுவுக்கே வந்தது. அதாவது எறும்பு தூரத்தை நினைவில் வைக்கவில்லை. வாசலில் நின்றால் கண்ணில் எப்படிப் படம் விழும் என்பதை வைத்திருந்தது. நமக்குப் பக்கத்து நமீப் பாலைவனத்தில் ஆசிமைர்மெக்ஸ் என்ற எறும்பு இருக்கிறது. அதன் வாசலருகே புதிதாக ஓர் அடையாளப் பொருள் முளைத்தால், வெளியே வந்து சுற்றிச் சுற்றி நடந்து, நின்று திரும்பி வாசலைப் பார்த்து, மறுபடி பாடம் படித்துவிட்டுத்தான் கிளம்பும். புது ஊருக்குக் குடிபோனவர்கள் கடைக்குப் போகும்போது தெருமுனையில் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்களே, அது மாதிரி.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. எறும்புக்கு இன்னொரு வழியும் தெரியும்: கூட்டிலிருந்து எந்தத் திசையில் எத்தனை அடி வந்தோம் என்ற கணக்கு. 2006-இல் எறும்பின் கால்களில் பொய்க்கால் ஒட்டி நீட்டியபோது அது வீட்டைத் தாண்டிப் போய்த் தேடியது. அடிகளின் எண்ணிக்கை சரி, ஒவ்வோர் அடியும் நீளம். ஆகவே வாசலருகே நீங்கள் அடையாளமாக வைத்த வாளியைப் பார்த்துத்தான் எறும்பு திரும்பியது என்று காட்ட வேண்டுமானால், இரை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்ட எறும்பைப் பிடிக்க வேண்டும். அதன் கணக்கு அப்போது தீர்ந்திருக்கும். அதைச் சின்ன டப்பாவில் எடுத்துப்போய் வேறிடத்தில் விட்டால் கண் ஒன்றுதான் துணை. இதை வெயிலில், முழங்காலில் நின்று, இருபது எறும்புக்குச் செய்ய வேண்டும். பெரிய எறும்புகள் நன்றாகக் கடிக்கும், சில வகை கடித்த இடத்தில் அமிலமும் விடும்.

பொறுமைசாலிப் பிள்ளை, கிரேடு 10-க்கு மேல், முற்றத்தில் கூடு தெரிந்த இடம் என்றால் இது அருமையான தேர்வு. பூச்சியைச் சிறைவைக்க வேண்டாம், முடிந்ததும் அது தன் வேலையைப் பார்க்கும், நாம் நம் வேலையைப் பார்க்கலாம்.

## எலுமிச்சை மரத்து வண்ணத்துப்பூச்சி: என் ஓட்டு இதற்கு

எலுமிச்சை, ஆரஞ்சு மரக் கொழுந்துகளில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவைப் பார்த்திருப்பீர்கள். வளர்ந்தபின் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் விடும். என் ஆயா அதைத் தென்னை ஈர்க்கால் தட்டி எடுத்துக் கோழிக்குப் போடுவாள். அதுதான் பிறகு கறுப்பும் மஞ்சளுமாகப் பறக்கும் பெரிய வண்ணத்துப்பூச்சி ஆகிறது, பாப்பிலியோ டெமோடோக்கஸ்.

இதன் நெருங்கிய சொந்தம் ஜப்பானில் உள்ள பாப்பிலியோ க்ஸூத்தஸ். அதைக் கூண்டில் வளர்த்து, நிறத்தாளில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கி, மிச்சியோ கினோஷிட்டாவும் கென்டாரோ அரிக்காவாவும் 1999-இல் அது நிறத்தை நிறமாகவே பார்த்து நினைவு வைக்கிறது என்று காட்டினார்கள், சாம்பல் அட்டைச் சோதனையோடு. தேனீ காணாத சிவப்பையும் அது காணும். வெளிச்சத்தின் நிறத்தை மாற்றினாலும் பழகிய தாளைக் கண்டுபிடித்தது. நம் ஊர்ப் பூச்சியும் அப்படியே செய்யும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது, அதைத்தான் பிள்ளை சோதிக்கிறது. ஜப்பானில் ஆய்வுக்கூடத்தில் ஒன்றைப் பார்த்தார்கள், டர்பன் தோட்டத்துப் பூச்சியிடம் நான் கேட்டேன் என்று கண்காட்சியில் சொல்ல முடிகிறதே, அது சின்ன விஷயமில்லை.

வேலை இப்படிப் போகும். புழுவைக் கிளையோடு எடுத்துக் கொசுவலைக் கூண்டில் வைத்து, தினமும் புதுக்கொழுந்து கொடுங்கள். கூட்டுப்புழுவாகி வெளிவந்த பூச்சி சிறகு உலரும்வரை சாப்பிடாது, மறுநாள் ஆரம்பிக்கலாம். சிறகின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் எண் போடுங்கள். முதல் தடவை ஊசிமுனையால் அதன் சுருண்ட உறிஞ்சுகுழலை மெல்ல நீட்டிச் சர்க்கரைத் துளியில் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதுதான் பிடித்த கட்டம். பிறகு இரண்டு நிறத்தாள், ஒன்றில் துளி, இடத்தை மாற்றி மாற்றி. சில நாள் கழித்துப் புதுத்தாள், துளி இல்லாமல். வெயில் படும் இடமாக இருக்கட்டும், மங்கலில் சும்மா உட்கார்ந்துவிடும்.

மறைந்த செலவு இல்லாமல் இல்லை. பத்துப் புழு எடுத்தால் பத்து வண்ணத்துப்பூச்சி வராது. சிலவற்றின் உள்ளே ஒட்டுண்ணிக் குளவி ஏற்கெனவே முட்டை வைத்திருக்கும். ஒரு நாள் காலையில் கூட்டைத் திறந்துகொண்டு குளவி வெளியே வரும், சின்னப் பிள்ளை அழும். ஆகவே வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு எடுங்கள். மருந்து அடித்த மரத்துக் கொழுந்து கொடுத்தால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும். ஜூன், ஜூலைக் குளிரில் கூட்டுப்புழு வெளிவர வெகுநாள் இழுக்கலாம், கண்காட்சித் தேதி காத்திருக்காது. வெயில் மாதங்களில் தொடங்குங்கள்.

"புழுவாக இருந்தபோது கற்றதைப் பூச்சியானபின் நினைவில் வைத்திருக்குமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். 2008-இல் புகையிலைப் புழு ஒன்றில் அப்படி இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் அது மணத்தின் நினைவு, அதை வேறொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

## சுவர்க்கோழி: மாடிவீட்டுக்கு

ராத்திரியில் கத்துமே, அதுதான். பல்லி, ஓணான் வளர்ப்பவர்களுக்குத் தீனியாகச் செல்லப்பிராணிக் கடைகளில் டப்பாவில் விற்கிறார்கள். ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து மக்கோட்டோ மிசுனாமி குழு, தாகமாக இருக்கும் சுவர்க்கோழிக்குத் தண்ணீரைப் பரிசாக வைத்து மணத்தையும் கண்ணால் காணும் வடிவத்தையும் கற்றுக்கொடுத்திருக்கிறது. வீட்டில், இரண்டு கிளையாகப் பிரியும் அட்டைப்பெட்டி ஒன்று போதும். ஒரு கிளை முடிவில் கோடு போட்ட தாள், இன்னொன்றில் வட்டம், ஒன்றில் ஈரப்பஞ்சு.

இதற்கு இருட்டு பிடிக்கும் என்பதுதான் பெரிய வில்லங்கம். கறுப்பு அதிகமுள்ள பக்கம் தானாகவே போய் ஒண்டும். இரண்டு தாளிலும் கறுப்பின் அளவு சமமாக இருக்க வேண்டும். மேலே சொன்ன டர்னரே 1912-இல் கரப்பான்பூச்சிக்கு இருட்டைத் தவிர்க்கக் கற்றுக்கொடுத்துக் காட்டினார், பிறவி விருப்பத்துக்கு எதிர்த்திசையில் பழக்கினால் சந்தேகமே இராது என்பதால். அதோடு ஈரத்தைப் பூச்சிகள் உணரும். சோதனை நாளில் பஞ்சே இருக்கக் கூடாது.

கத்துவது ஆண் மட்டும். வாலில் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது பெண். மாடிவீட்டில் பெண்ணாகப் பார்த்து எடுங்கள், கீழ்வீட்டுக்காரர் வாழ்த்துவார். குளிரில் சோம்பிப்போகும், ஹீட்டர் வைத்தால் மின்வெட்டு வரும் நாளில் எல்லாம் ஒரே சமயத்தில் மந்தமாகும். அன்றைய கணக்கைத் தள்ளிவிடுங்கள். முடிந்த பிறகு வெளியே விடக் கூடாது, கடையில் பெருக்கிய பூச்சி அது. ஆயுள் முடியும்வரை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஓணான் வளர்ப்பவரிடம் கொடுங்கள். அதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

## மற்றவை

பழ ஈ: வாழைப்பழம் அழுகினால் வரும். ஆய்வுக்கூடங்களில் இதைவிட அதிகம் படிக்கப்பட்ட பூச்சி இல்லை. 2011-இல் சூடான தரையில் ஒரே ஒரு குளிர்ந்த தளக்கல் எங்கே என்று, சுவரில் தெரியும் படங்களை வைத்து அது கண்டுபிடிக்கிறது என்று காட்டினார்கள். ஆனால் அதற்கு வெப்பத்தைக் கல்லுக்குக் கல் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும். வீட்டில் செய்ய முடிந்ததெல்லாம் மணச் சோதனைதான். நம் கேள்விக்கு உதவாது.

மண்ணில் துளை போடும் குளவி: எங்காவது மணல்தரையில் பார்த்தால் விடாதீர்கள். நிக்கோ டின்பெர்கன் என்ற ஆய்வாளர் 1930-களில் செய்தது, பழக்கல் எதுவும் வேண்டாத சோதனை. குளவி உள்ளே இருக்கும்போது துளையைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக வையுங்கள். அது வெளியே வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு இரை தேடப் போனதும் வட்டத்தை ஓர் அடி தள்ளி வையுங்கள். திரும்பி வந்து வெறும் வட்டத்தின் நடுவில் தேடும். பார்த்ததும் காய்களைப் பழைய இடத்தில் வைத்துவிடுங்கள், பாவம். குறை ஒன்றுதான்: கண்காட்சிக்கு வேண்டிய எண்ணிக்கைக்குக் குளவி கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

சாணி உருட்டி வண்டு: நம் நாட்டுப் பெருமை என்பதால் பலர் கேட்கிறார்கள். ஜோஹன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்துக் கோளரங்கத்துக்குள் வண்டை விட்டு, அது பால்வீதியைப் பார்த்து நேர்கோட்டில் உருட்டுகிறது என்று மரீ டாக்கே, மார்க்கஸ் பர்ன் குழு 2013-இல் எழுதியது. தலைக்கு அட்டைத் தொப்பி போட்டதும் வழி தவறியது. உருண்டை மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றும்போது வானத்தைப் படம் பிடித்துவைத்துக்கொள்கிறது என்றும் பிற்பாடு காட்டினார்கள். அழகான விஷயம். ஆனால் அந்த நினைவு ஓர் உருட்டலுக்கான நினைவு. அட்டையும் இனிப்பும் வைத்துப் பழக்கி, மறுநாள் கேட்கும் நம் சோதனைக்கு அது ஒத்துவராது. சாணம் வீட்டுக்குள் வருவதை அம்மாக்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது தனி.

## ஒரே பார்வையில்

| பூச்சி | மணத்தை விலக்க | ஆபத்து | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| தேனீ | எளிது, புது அட்டை இருந்தால் | அதிகம் | அக்கம்பக்கம், மறுநாளும் வரும் கூட்டம் | தேன்பெட்டிக்காரர் துணை உள்ளவருக்கு |
| பெரிய எறும்பு | கஷ்டம், அடிக்கணக்கும் சேரும் | கடி | வெயில், நேரம் | பொறுமையுள்ள பெரிய பிள்ளைக்கு |
| வண்ணத்துப்பூச்சி | எளிது | இல்லை | ஒட்டுண்ணி, பருவம் | எலுமிச்சை மரம் உள்ள வீட்டுக்கு |
| சுவர்க்கோழி | நடுத்தரம், ஈரம் கவனிக்க | இல்லை | சூடு, முடிவில் எங்கே விடுவது | மாடிவீட்டுக்கு |
| பழ ஈ | வீட்டில் முடியாது | இல்லை | கருவி | வேண்டாம் |
| மண் குளவி | எளிது | சிறிது | எண்ணிக்கை கிடைக்காது | கண்ணில் பட்டவருக்கு |

## கேட்ட மூவருக்கும்

ஃபீனிக்ஸ் அம்மாவுக்கு: மகனிடம் தேனீ வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கேட்க மாட்டான். தேனீ காணாத சிவப்பை வண்ணத்துப்பூச்சி காணுமா என்று நீ சோதி என்று சொல்லிப் பாருங்கள். சிவப்பு அட்டையைச் சாம்பல் அட்டைகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். ஃபிரிஷ் செய்த அதே சோதனை, நிறம்தான் வேறு.

தாத்தாவுக்கு: பேத்தி கிரேடு 7 என்று எழுதியிருந்தீர்கள். எறும்பு மூன்று வருடமாவது காத்திருக்கட்டும். உங்கள் முற்றத்தில் எலுமிச்சை மரம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்களே, பிறகென்ன?

ஏழாவது மாடிக்கு: சுவர்க்கோழி, பெண் இருபது, முடிந்தால் இருபத்தைந்து. பெட்டிக்கு மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

முதல் இரண்டு வீட்டுக்கும் ஓர் அவசரம். எலுமிச்சை மரத்துக்கு மருந்து அடிக்க இந்த வாரம் தோட்டக்காரர் வருகிறார் என்றால், இன்றைக்கே போன் போட்டு நிறுத்துங்கள்.